முன் இடது சென்சார் மாற்றியும் ஏபிஎஸ் விளக்கு எரிகிறது

கேள்வி, மார்ச் 2

ஏபிஎஸ் (ஓங்கி பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் அமைப்பு) விளக்கு விட்டு விட்டு எரிகிறது. ஸ்கேனரில் சி0035, முன் இடது சக்கர வேக சென்சார் என்று பழுதுக் கோடு (பழுதைச் சொல்லும் குறியீட்டு எண்) வந்தது. புது சென்சார் வாங்கி நானே மாட்டினேன். அந்தக் கோடு அழித்ததும் விளக்கு அணைந்தது. இரண்டு நாள் ஊருக்குள் ஓட்டினேன், ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் நெடுஞ்சாலையில் வலது பக்கம் வளையும் இடத்தில் மறுபடி எரிந்தது. அதே கோடு. மற்றபடி வண்டி நன்றாக ஓடுகிறது, பிரேக் சரியாகப் பிடிக்கிறது. டயர் பழசாகிவிட்டதால் கொஞ்சம் இரைச்சல் உண்டு, அவ்வளவுதான். எனக்குக் கிடைத்தது போலி சென்சாரா? இன்னொன்று வாங்கட்டுமா?

பதில், மார்ச் 2, இரவு

வாங்காதீர்கள். போலியாகவும் இருக்கலாம்தான். ஆனால் அதை முதல் பதிலாக வைத்துக்கொண்டால் மூன்றாவது, நான்காவது என்று வாங்கிக்கொண்டே போவீர்கள். நான் போயிருக்கிறேன். என் பழைய வண்டியில் ஒரே மூலைக்கு மூன்று சென்சார் மாற்றிய மகான் நான். கழற்றியவை இன்றைக்கும் ஒரு டப்பாவில் கிடக்கின்றன. எல்லாமே நல்ல சென்சார்கள்.

சி0035 என்றால் முன் இடது மூலையிலிருந்து வர வேண்டிய சிக்னல் ஒழுங்காக வரவில்லை என்று அர்த்தம். அதற்கு மேல் அந்தக் கோடுக்கு ஒன்றும் தெரியாது. அந்த மூலையில் சென்சார் இருக்கிறது, அதன் வயர் இருக்கிறது, கனெக்டர், சக்கரத்தோடு சுற்றும், சென்சார் பார்க்கும் வளையம், வளையத்தைச் சுமக்கும் பேரிங், சென்சார் உட்காரும் குழி எல்லாம் இருக்கின்றன. இதில் எது கெட்டாலும் கோடு அதேதான். கடையில் சுலபமாகக் கிடைப்பது சென்சார் என்பதால் பழி அதன் மேல் விழுகிறது.

முதலில் சென்சாரிலிருந்து எத்தனை கம்பி வருகிறது என்று பாருங்கள். இரண்டு என்றால் பழைய சுருள் வகை. மல்டிமீட்டரை ஓமில் வைத்து அளந்தால் உயிரோடு இருக்கிறதா என்று தெரிந்துவிடும்.

மார்ச் 3, காலை

நேற்று இரவு எழுதியதில் கடைசிப் பத்தியைத் தூக்கிப் போடுங்கள். தப்பு. தூக்கக் கலக்கம் என்று சொல்லித் தப்பிக்கலாம், ஆனால் இதே தப்பை விழித்திருக்கும்போதும் செய்திருக்கிறேன்.

இரண்டு வகைக்குமே பெரும்பாலும் இரண்டு கம்பிதான். பழைய வகையில் ஒரு காந்தம், அதைச் சுற்றி ஒரு சுருள். எதிரே இரும்புப் பல் வளையம் சுற்றும். ஒவ்வொரு பல்லும் கடக்கும்போது காந்தப் புலம் அசைந்து சுருளில் மாறுமின்சாரம் பிறக்கும். தானே மின்சாரம் செய்துகொள்ளும், வெளியிலிருந்து எதுவும் கேட்காது. சக்கரம் வேகமாகச் சுற்றினால் வோல்ட் கூடும், மெதுவானால் குறையும், ஆமை வேகத்தில் சிக்னலே இருக்காது. இந்த வகையைத்தான் ஓமில் அளக்கலாம். பொதுவாக 800 முதல் 2500 ஓம் வரை எங்காவது நிற்கும். அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கு எவ்வளவு என்பதை எதிர்ப்பக்கச் சக்கரத்தின் சென்சாரை அளந்து ஒப்பிட்டுக்கொள்வது நல்லது.

புது வகை உள்ளே ஒரு சின்ன சிப் வைத்திருக்கிறது. ஹால் விளைவிலோ காந்தத்தடை விளைவிலோ, அதாவது காந்தப் புலம் மாறுவதை உணர்ந்து, வேலை செய்யும். ஏபிஎஸ் மாட்யூல் (ஏபிஎஸ்ஸைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி) இதற்கு மின்சாரம் கொடுக்க வேண்டும். சென்சார் பதிலுக்கு அதே கம்பியில் தான் இழுக்கும் மின்னோட்டத்தை 7 மில்லி ஆம்பியருக்கும் 14 மில்லி ஆம்பியருக்கும் நடுவே மாற்றி மாற்றிப் பேசும். இரண்டு கம்பியிலேயே சாப்பாடும் பேச்சும். இதில் ஓம் மீட்டரை வைத்தால் வரும் எண்ணுக்குப் பொருளே இல்லை, சிப்பும் சேதமாகலாம்.

என் அடுத்த வண்டியில் இதைத்தான் செய்தேன். ஓமில் வைத்தேன், ஒரு பக்கம் எதுவுமே காட்டவில்லை, முனைகளை மாற்றிப் பிடித்தால் பல மெகா ஓம். "செத்துவிட்டது" என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். அது உயிரோடுதான் இருந்தது.

மார்ச் 3, மதியம்

அப்படியானால் வகையை எப்படித் தெரிந்துகொள்வது? சென்சார் கனெக்டரைக் கழற்றி, சாவியை ஆன் செய்து, மாட்யூல் பக்கத்திலிருந்து வரும் இரண்டு கம்பிக்கும் இடையே டிசி வோல்ட் அளங்கள். பேட்டரி வோல்ட்டுக்கு அருகே வந்தால் புது வகை. ஒன்று கவனம்: சில மாட்யூல்கள் "சென்சாரைக் காணோம்" என்று தெரிந்த உடனே அந்த மின்சாரத்தை நிறுத்திவிடும். அதனால் சாவியை ஒருமுறை ஆஃப் செய்து, மீட்டர் முனைகளைத் தயாராக வைத்துக்கொண்டு, ஆன் செய்த கணமே பாருங்கள். நான் இரண்டு நிமிடம் கழித்துப் பார்த்துவிட்டு மாட்யூலே போய்விட்டது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன்.

புது வகையைச் சோதிக்க, ஒரு கம்பியை நேரடியாக இணைத்து, இன்னொன்றின் நடுவே மீட்டரை மில்லி ஆம்பியரில் வைத்துத் தொடராக இணைக்க வேண்டும். சாவி ஆன். சக்கரத்தைக் கையால் நூல் நூலாக நகர்த்தினால் 7, 14, 7, 14 என்று தாவும். வேகமாகச் சுற்றினால் மீட்டர் திணறி நடுவில், பத்து பத்தரையில் நிற்கும். தாவினால் சென்சாரும் அது பார்க்கும் வளையமும் அந்த இடத்தில் சரி. ஒரே எண்ணில் உறைந்து நின்றால் வளையம் இல்லை, அல்லது தூரம் அதிகம், அல்லது சென்சார் போய்விட்டது. எந்த எண்ணும் இல்லையென்றால் பெரும்பாலும் வயர்.

பழைய வகைக்கு மீட்டரை ஏசி மில்லிவோல்ட்டில் வைத்து, சக்கரத்தை நொடிக்கு ஒரு சுற்று கணக்கில் சுற்றுங்கள். நல்ல சென்சார் நூறு மில்லிவோல்ட்டை ஒட்டியோ அதற்கு மேலேயோ காட்டும். இங்கேயும் எதிர்ப்பக்கத்தோடு ஒப்பிடுவதுதான் சிறந்த அளவுகோல்.

வண்டியை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே தலையை நீட்டாதீர்கள். ஸ்டாண்டு கட்டாயம்.

மார்ச் 4

இடது என்றால் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து முன்னால் பார்க்கும்போது இடது. சிரிக்காதீர்கள். பானெட்டுக்கு முன்னால் நின்று இடது வலது பார்த்த ஆள் நான். மூன்று சென்சாரில் ஒன்று அப்படித்தான் எதிர்ப்பக்கம் போனது. சி0035 முன் இடது, சி0040 முன் வலது, சி0045 பின் இடது, சி0050 பின் வலது. சில நிறுவனங்கள் சொந்த எண்களும் வைத்திருக்கின்றன.

மார்ச் 5

ஸ்கேனர் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். மலிவான ஓபிடி கருவிகளில் (வண்டியின் கணினியோடு இணைத்துக் கோடு படிக்கும் ஸ்கேனர்கள்) பல, என்ஜின் கோடுகளை மட்டும் படித்துவிட்டு "எந்தப் பழுதும் இல்லை" என்று பச்சை காட்டும். மேலே ஏபிஎஸ் விளக்கு எரிந்துகொண்டிருக்கும், கீழே கருவி எல்லாம் நலம் என்று சொல்லும். ஏபிஎஸ் மாட்யூலோடு பேசக்கூடிய கருவியா என்று பார்த்து வாங்க வேண்டும்.

வாங்கியதும் கோடைப் படிப்பதோடு நிறுத்தாமல் லைவ் டேட்டாவுக்குப் போங்கள். நான்கு சக்கர வேகமும் வரிசையாக ஓடும். வேறொருவர் ஓட்டட்டும், நீங்கள் திரையை மட்டும் பாருங்கள். நேர் சாலையில் 20, 30 வேகத்தில் நான்கும் ஒன்றாகப் போக வேண்டும். வளைவில் வெளிப்பக்கச் சக்கரங்கள் கொஞ்சம் கூடுதலாகக் காட்டும், அது இயற்கை. ஒன்று மட்டும் திடீரென்று பூஜ்யத்துக்கு விழுந்து எழுந்தால் ஆள் அகப்பட்டான். கோடு வந்த நொடியில் வேகம் எவ்வளவு, பிரேக் அழுத்தியிருந்ததா என்பதைச் சில மாட்யூல்கள் சேமித்தும் வைத்திருக்கும். அதைப் பார்க்காமல் கோடை அழிக்காதீர்கள். அழிப்பதற்கு இருக்கும் அவசரம் படிப்பதற்கு நமக்கு இருப்பதில்லை.

மார்ச் 5, இரவு

கணக்குப் பிடிக்காதவர்கள் இதைத் தாண்டிப் போகலாம்.

வளையம் ஒரு சுற்றுக்கு 48 துடிப்பு தருகிறது என்று வைத்துக்கொள்வோம். சக்கரத்தின் சுற்றளவு சுமார் 1.9 மீட்டர். 36 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 10 மீட்டர், அதாவது நொடிக்கு ஐந்தேகால் சுற்று. 5.25 பெருக்கல் 48, சுமார் 250 துடிப்பு. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே 4 மில்லி நொடி. மாட்யூல் இந்த இடைவெளிகளைத்தான் எண்ணிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஒரு பல் உடைந்து காணாமல் போனால் அங்கே 8 மில்லி நொடி வரும். அதற்குச் சக்கரம் சட்டென்று பாதி வேகமானது போலத் தெரியும்.

இதிலிருந்தே இன்னொன்றும் புரியும். மாட்யூலுக்குச் சாலை வேகம் தெரியாது, சுற்றுகள்தான் தெரியும். புது டயரில் 8 மி.மீ. பள்ளம், தேய்ந்ததில் 2 மி.மீ. என்றால் ஆரத்தில் 6 மி.மீ. வித்தியாசம். சாதாரண கார் டயரின் ஆரம் 310 மி.மீ.க்குப் பக்கம், ஆக கிட்டத்தட்ட 2 சதவீதம். இந்த அளவை மாட்யூல்கள் பொறுத்துக்கொள்ளும். ஆனால் சின்ன அளவு ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு நாள் கணக்கில் ஓடினால் ஒரு சக்கரம் எப்போதும் முந்துகிறது என்று விளக்கைப் போட்டுவிடலாம். நல்ல சென்சாருக்குப் பழி வரும் இன்னொரு வழி இது.

மார்ச் 8

கேள்வி கேட்டவருக்கு. உங்கள் வண்டியைப் பார்க்காமலே பந்தயம் கட்டுகிறேன்: வயர்.

காரணம் நீங்கள் சொன்ன "வலது பக்கம் வளையும்போது". முன் சக்கர சென்சார் வயர் ஒரு முனையில் நக்கிளில் (சக்கரத்தைத் தாங்கி, ஸ்டீயரிங்கோடு திரும்பும் பகுதி), மறு முனையில் பாடியில். ஸ்டீயரிங் திருப்பும் ஒவ்வொரு முறையும், பள்ளத்தில் இறங்கி ஏறும் ஒவ்வொரு முறையும் மடங்கி நிமிர்கிறது. பல ஆண்டுகளில் உள்ளே செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறும், மேல் ரப்பர் உறை மட்டும் முழுசாக இருக்கும். வெளியே பார்த்தால் புதுசு போலவே தெரியும். நேராகப் போகும்போது அறுந்த முனைகள் தொட்டுக்கொண்டிருக்கும், திருப்பினால் விலகும்.

புது சென்சாரோடு வயரும் சேர்ந்து வந்திருந்தால் அந்தப் பகுதி மாறிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் அது கனெக்டர் வரைக்கும்தான். அதற்கு அப்பால் பாடிப் பக்கம் போகும் வயரும் உண்டு. கனெக்டருக்குள் பச்சைப் பாசி போல் செம்புத் துரு படிந்திருக்கிறதா, பின் தளர்ந்திருக்கிறதா பாருங்கள். மீட்டரையோ லைவ் டேட்டாவையோ வைத்துக்கொண்டு வயரை ஒவ்வொரு சாணாகப் பிடித்து மடக்கி அசைத்துப் பாருங்கள். ஸ்டீயரிங்கை முழுக்க இடது, முழுக்க வலது திருப்பி வைத்தும் அசையுங்கள்.

அறுந்த இடம் மடங்கும் பகுதியில் கிடைத்தால் அங்கே சால்டர் வைக்காதீர்கள். சால்டர் வைத்த இடம் கம்பி போல விறைத்துவிடும், அதன் ஓரத்தில் மறுபடி அறும். முழு வயரையும் மாற்றுவதே சரி. இரண்டு கம்பியும் முறுக்கியிருந்தால் அந்த முறுக்கையும் அப்படியே வைத்திருங்கள், பக்கத்து வயர்களின் மின் இரைச்சலைத் தடுக்கத்தான் அது.

மார்ச் 9

கேள்வி கேட்டவர் வயரை அசைத்துப் பார்த்தாராம், சிக்னல் ஒருமுறையும் விழவில்லையாம். கனெக்டரும் சுத்தம். இன்னும் கொஞ்சம் முரட்டுத்தனமாக அசைக்கச் சொல்லியிருக்கிறேன். பந்தயத்தை நான் விடவில்லை.

மார்ச் 10

இந்த விளக்கோடு ஓட்டலாமா என்று கேட்டவருக்கு: மஞ்சள் ஏபிஎஸ் விளக்கு மட்டும் எரிந்தால் சாதாரண பிரேக் அப்படியே இருக்கிறது. பெடலிலிருந்து சக்கரம் வரை எண்ணெய் அழுத்தம் போகும் வழி மாறவில்லை. அவசரத்தில் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளும், அப்போது ஸ்டீயரிங் திருப்பியும் வண்டி நேராகவே வழுக்கும். மழையில் இதை நினைவில் வைத்து இடைவெளி விட்டு ஓட்ட வேண்டும்.

சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் கதை வேறு. ஹேண்ட் பிரேக் விடாமல் இருந்தாலோ பிரேக் எண்ணெய் குறைந்தாலோ அது எரியும். இல்லையென்றால் முன் பின் சக்கரங்களுக்கு அழுத்தத்தைப் பங்கிடும் வேலையும் நின்றுபோயிருக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட சென்சார் போனால் இப்படி ஆவதுண்டு. பின் சக்கரம் முதலில் பூட்டினால் வண்டி பின்பக்கம் சுழன்றுவிடும். இரண்டும் எரிந்தால் ஓட்டாதீர்கள்.

பழைய பேட்டரியாலும் இந்த விளக்கு வரும். ஸ்டார்ட் செய்யும்போது வோல்ட் சரிந்தால் மாட்யூல் கோபித்துக்கொள்ளும். நான்கு சக்கரமும் நன்றாக இருக்க, காலை நேரத்தில் மட்டும் விளக்கு வந்தால் முதலில் பேட்டரியைப் பாருங்கள்.

மார்ச் 13

விளக்கே எரியாமல் வரும் பழுது ஒன்றை ஒருவர் எழுதியிருக்கிறார். வண்டி நிற்கப்போகும் கடைசி சில மீட்டரில், காய்ந்த நல்ல சாலையில், பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிர்கிறது, வண்டி ஒரு அடி தள்ளிப் போய் நிற்கிறது. கோடு எதுவும் இல்லை. பிரேக் டிஸ்க் கோணலா என்று கேட்கிறார்.

என் மூன்று சென்சார் கதை இதுதான், அதனால் நீளமாக எழுதுகிறேன்.

டிஸ்க் கோணல் என்றால் வேகத்தில் பிரேக் பிடிக்கும்போது அதிகமாகத் தெரியும். 10, 15 வேகத்துக்குக் கீழே மட்டும் வருவது ஏபிஎஸ் காரணமில்லாமல் வேலை செய்வது. ஒரு சக்கரத்தின் சிக்னல் மற்ற மூன்றையும்விடச் சீக்கிரம் செத்துவிடுகிறது. மாட்யூல் பார்வையில் மூன்று சக்கரம் ஓடுகிறது, ஒன்று நின்றுவிட்டது. பூட்டிக்கொண்டது என்று எண்ணி அந்தச் சக்கரத்தின் அழுத்தத்தை விடுவிக்கிறது. அதற்குத் தெரிந்த தர்மப்படி அது சரியாகவே நடந்துகொள்கிறது.

பழைய சுருள் வகையில் சென்சாருக்கும் பல்லுக்கும் இடைவெளி அரை மில்லிமீட்டரிலிருந்து ஒன்றரை வரைதான் இருக்க வேண்டும். சென்சார் உட்காரும் குழியில் துரு வளர்ந்தால் அது சென்சாரையே மெல்ல மேலே தள்ளிவிடும். இடைவெளி கூடினால் வேகத்தில் சிக்னல் போதுமானதாக இருக்கும், மெதுவானால் காணாமல் போகும். புது சென்சாரை அதே துரு மேல் உட்கார வைத்தால் அதுவும் அதே உயரத்தில்தான் உட்காரும். என் முதல் சென்சார் இப்படி வீணானது. குழியை எமரி பேப்பர் வைத்து வெறும் இரும்பு தெரியும்வரை சுத்தம் செய்திருக்க வேண்டும். சென்சார் முனையில் இரும்புத் தூள் மீசை போல ஒட்டியிருந்தால் அதையும் துடைக்க வேண்டும், காந்தம் ஆயிற்றே.

இரண்டாவது எதிர்ப்பக்கம் போனதைச் சொல்லிவிட்டேன். மூன்றாவதைக் குழியைச் சுத்தம் செய்து சரியான பக்கத்தில் மாட்டினேன். அதிர்வு குறைந்தது, போகவில்லை. கடைசியில் ஒரு நாள் டார்ச்சை வைத்துக்கொண்டு சக்கரத்தை ஒரு பல் ஒரு பல்லாகச் சுற்றினேன். டிரைவ் ஷாஃப்ட் (சக்கரத்தைச் சுற்றும் தண்டு) முனையில் அழுத்திப் பொருத்தியிருந்த பல் வளையத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். வளையத்துக்கு அடியில் துரு வளர்ந்து அதைப் பிளந்திருக்கிறது. விரிசல் இருக்கும் இடத்தில் பல் இடைவெளி மட்டும் அகலம். சுற்றுக்கு ஒரு முறை சிக்னல் இடறும்.

புது வளையம் வாங்கும்போது பல் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும். எண்ணினேன்: 44. மறுபடி எண்ணினேன்: 44. நிச்சயத்துக்காக மூன்றாம் முறை: 45. சாக்பீஸால் ஒரு பல்லில் கோடு போட்ட பிறகுதான் உண்மை தெரிந்தது. 44தான்.

மார்ச் 13, பின்னர்

மேலே எழுதியதைப் படித்ததும் மார்ச் 5 குறிப்பு உறுத்துகிறது. லைவ் டேட்டாவில் எல்லாம் அகப்பட்டுவிடும் என்பது போல எழுதிவிட்டேன். இல்லை. கருவி நொடிக்குச் சில முறைதான் திரையைப் புதுப்பிக்கிறது. ஒரு பல் இடறுவது சில மில்லி நொடி. என் விரிசல் வளையத்துக்கு நான்கு எண்களும் அழகாக ஒன்றாகவே ஓடின, அதை நம்பித்தான் அவ்வளவு நாள் சுற்றினேன். ஆஸிலாஸ்கோப் இருந்தால் அலைவடிவத்தில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பள்ளம் தெரியும். இல்லாதவர்களுக்கு டார்ச்சும் பொறுமையும்தான்.

இன்னொரு திருத்தம்: 7, 14 என்று சொன்ன மில்லி ஆம்பியர் கணக்கில் சில வண்டிகள் 28ஐயும் சேர்த்துக்கொள்கின்றன. சக்கரம் எந்தத் திசையில் சுற்றுகிறது என்பது போன்ற கூடுதல் செய்தியும் அந்த வகையில் போகும். 28 வந்தால் பயப்படாதீர்கள்.

மார்ச் 16

கேள்வி கேட்டவர் விவரமாக எழுதியிருக்கிறார். வீட்டு வாசலில் ஸ்டீயரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பித் திருப்பிப் பார்த்தாராம், விளக்கு வரவே இல்லை. நெடுஞ்சாலையில் நீண்ட வலது வளைவில், 70, 80 வேகத்தில் மட்டும் வருகிறது. இடது வளைவில் ஒருமுறைகூட வந்ததில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 80 வேகத்தில் நீண்ட வளைவு என்றால் ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருக்கும்? கொஞ்சம்தான். வயர் அறுந்திருந்தால் முழுக்கத் திருப்பும் இடத்தில்தான் முதலில் காட்டிக்கொடுக்கும். வேகமான வளைவில் வயர் இழுபடுவதில்லை, பாரம்தான் இடம் மாறுகிறது. வலது பக்கம் வளைந்தால் வண்டியின் எடை இடது சக்கரங்கள் மேல் சாயும்.

பாரம் ஏறும்போது மட்டும் சென்சாருக்கும் வளையத்துக்கும் நடுவே இடைவெளி மாறுகிறது. பேரிங்!

முதல் கேள்வியை மறுபடி படித்தேன். "டயர் பழசாகிவிட்டதால் கொஞ்சம் இரைச்சல் உண்டு, அவ்வளவுதான்." இரண்டு வாரமாக அந்த வரி அங்கேயே உட்கார்ந்திருக்கிறது. நான் வயரைப் பற்றிப் பிரசங்கம் செய்துகொண்டிருந்தேன்.

அந்த இரைச்சல் வலது வளைவில் கூடி இடது வளைவில் குறைகிறதா என்று கேட்டிருக்கிறேன். டயர் சத்தம் அப்படிப் பக்கம் பார்க்காது, சாலையின் மேற்பரப்பு மாறினால்தான் மாறும்.

மார்ச் 17

கூடுகிறதாம்.

சோதிக்கும் முறை இது. சக்கரத்தைத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, கடிகாரத்தில் 12, 6 இருக்கும் இடங்களில் டயரைப் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். டக்கென்று ஆட்டம் தெரிந்தால் பேரிங்கோ பால் ஜாயின்ட்டோ (நக்கிளை சஸ்பென்ஷனோடு இணைக்கும் உருண்டை மூட்டு). ஒருவர் பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்கும்போது ஆட்டம் நின்றுவிட்டால் பேரிங் பக்கம் சந்தேகம் சாயும். அப்புறம் சக்கரத்தை வேகமாகச் சுற்றிவிட்டு, சஸ்பென்ஷன் சுருளின் மேல் உள்ளங்கையை வையுங்கள். கெட்ட பேரிங் கரகரவென்று சுருளில் ஏறி வரும். காதைவிடக் கைக்கு இது நன்றாகத் தெரியும். ஆட்டம் தெரியாத அளவிலேயே பேரிங் கெட்டுப்போவதும் உண்டு, அதனால் ஆட்டம் இல்லை என்று மட்டும் வைத்து விட்டுவிடாதீர்கள்.

புது வகை சென்சார்கள் பலவற்றில் பல் வளையமே கிடையாது. பேரிங்கின் ஒரு பக்க ரப்பர் சீலிலேயே வடக்கும் தெற்குமாகக் காந்தம் ஏற்றிய வளையம் இருக்கும். பார்த்தால் வெறும் கருப்பு சீல்தான். இதனால் இரண்டு விஷயம்.

பேரிங்கைத் திருப்பிப் போட்டுவிட்டால் காந்தப் பக்கம் சென்சாருக்கு எதிரே வராது. வண்டி அருமையாக ஓடும், சத்தம் இருக்காது, ஏபிஎஸ் விளக்கு மட்டும் கிளம்பிய உடனே எரியும். அழுத்திப் பொருத்தியதை மறுபடி கழற்றினால் பேரிங் வீணாகிவிடும். பொருத்துவதற்கு முன்னால் ஒரு பேப்பர் கிளிப்பை இரண்டு பக்கமும் காட்டிப் பாருங்கள். மெல்லப் பற்றிக்கொள்ளும் சீல்தான் காந்தப் பக்கம், அது சென்சாரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, அந்தப் பேரிங்கைக் காந்தத் தட்டில் வைக்காதீர்கள். போல்ட்டுகள் ஓடாமல் இருக்க மெக்கானிக்குகள் வைத்திருக்கும் தட்டு இருக்கிறதே, அதில்தான். வலுவான காந்தம் பக்கத்தில் போனால் வளையத்தில் எழுதியிருக்கும் வடக்கு தெற்கு அழிந்துவிடலாம். சுத்தியலால் சீல் பக்கம் தட்டுவதும் அதே பாவம்.

சென்சாரைக் கழற்றும்போது குறடு போட்டு இழுக்க வேண்டாம். துருவில் இறுகியிருந்தால் தலை மட்டும் கையோடு வந்து உடல் உள்ளே நின்றுவிடும். துரு இளக்கும் எண்ணெய் அடித்து ஒரு இரவு விட்டு, இடமும் வலமுமாகத் திருகித் திருகி எடுக்க வேண்டும்.

மார்ச் 18

"வயர் என்று பந்தயம் கட்டினீர்களே?" என்று இரண்டு பேர் கேட்டாகிவிட்டது. கட்டினேன். தோற்றேன். கோடைப் பார்த்து ஊகிக்காதீர்கள் என்று முதல் நாள் சொல்லிவிட்டு, "வளையும்போது" என்ற ஒரு சொல்லைப் பார்த்து நானே ஊகித்தேன். எந்த வேகத்தில், ஸ்டீயரிங் எவ்வளவு திரும்பியிருந்தது என்று மார்ச் 2ஆம் தேதியே கேட்டிருந்தால் அவருக்கு இரண்டு வாரம் மிச்சம்.

மார்ச் 23

பேரிங் மாற்றியாகிவிட்டது. முதலில் விளக்கு அணையவில்லை என்று பதறி எழுதியிருந்தார். கோடு அழித்த பிறகும் மாட்யூல் உடனே நம்பாது. வண்டி நகர்ந்து நான்கு சக்கரமும் ஒழுங்காக எண்களைத் தந்த பிறகுதான் பல வண்டிகளில் விளக்கு அணையும். 20 வேகத்தைத் தாண்டியதும் அணைந்ததாம். கிளம்பியதும் முன்னால் எங்கேயோ "ர்ர்" என்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது, அது என்ன என்றும் கேட்டிருக்கிறார். மாட்யூல் தன் பம்பைச் சுற்றிப் பார்த்துக்கொள்ளும் சத்தம். அது எப்போதும் இருந்ததுதான், இத்தனை நாள் பேரிங் இரைச்சலில் கேட்கவில்லை போலும்.

அதே நெடுஞ்சாலை, அதே வலது வளைவு, நான்கு முறை போய் வந்திருக்கிறார். விளக்கு இல்லை. இரைச்சலும் இல்லை, டயர் அதே பழைய டயர்.

ஆர்வத்தில் முதலில் கழற்றிய பழைய சென்சாரைத் திரும்ப மாட்டிப் பார்த்தாராம். அதுவும் ஒழுங்காக வேலை செய்கிறது. அதை வைக்க ஒரு டப்பா தேடிக்கொள்ளச் சொன்னேன்.